எந்தப் பக்கமும் தைக்கும் மிஷின்

துணி தைக்கிற மிஷினில் தையல் ஒரே திசையில்தான் போகும். ஊசிக்குக் கீழே இருக்கும் பற்கள் துணியைப் பின்னால் தள்ளும். வளைவு வந்தால் துணியைத்தான் திருப்ப வேண்டும், அதுவும் சுலபமாகத் திரும்பிவிடும். ஆனால் செய்து முடித்த ஷூ அப்படித் திரும்பாது. அதன் மூக்குப் பக்கம் பிரிந்திருந்தால் உள்ளே விரல் போகிற அளவுக்குத்தான் இடம் இருக்கும். அதை வைத்துச் சுற்றவும் முடியாது, மடிக்கவும் முடியாது.

சிங்கர் 29கே என்ற கால் மிஷின் இதற்காகவே செய்யப்பட்டது. ஒடுங்கலான, நீளமான இரும்புக் கை ஒன்று முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கையின் மேல் ஷூவை மாட்டிவிடலாம், நுனி உள்ளே விரல் பகுதி வரை போய்விடும். தோலைத் தள்ளும் பற்கள் கீழே கிடையாது. மேலே ஊசிக்குப் பக்கத்தில் தோலை அழுத்திப் பிடிக்கும் உறுப்பைப் பாதம் என்பார்கள். அந்தப் பாதமே தோலைக் கவ்வி, ஒரு தையல் தூரம் இழுத்துவிட்டு, துள்ளி எழுந்து பழைய இடத்துக்குத் திரும்பும். அந்தப் பாதத்தைத் தாங்கும் வளையத்தை விரலால் பிடித்து முழு வட்டமும் சுற்றலாம். பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் தையல் நகரும். ஷூ அசையாமல் இருக்கும், தையல் மட்டும் அதைச் சுற்றி வரும். நான் ஐடிஐயில் டர்னர் படித்து, லேத் பட்டறையில் காலம் தள்ளியவன். எத்தனையோ இயந்திரங்களைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு பெரிய சிக்கலை இப்படி நேராகத் தீர்த்த இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

29க்குப் பின்னால் வரும் கே என்ற எழுத்து, ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஊரில் இருந்த கில்போவி தொழிற்சாலையைக் குறிக்கும். 1885ல் திறந்த ஆலை. முதல் உலகப்போருக்கு முந்தைய ஆண்டில் அங்கிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மிஷின்கள் வெளியே போயின. 1980ல் மூடிவிட்டார்கள். பக்கத்து ரயில் நிலையத்துக்கு மட்டும் இன்றும் சிங்கர் என்றே பெயர். என்னிடம் இருக்கும் மிஷினின் எண் ஒய் என்ற எழுத்தில் தொடங்குகிறது. அப்படியென்றால் 1921க்கும் 1935க்கும் இடையில் அங்கே வார்த்தது. கப்பலேறி வந்து, எந்தெந்தக் கைகள் மாறியோ, கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு ஷூ கடையின் பின்கட்டில் கிடந்தது.

அந்தக் கடைக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. என் தாத்தா, மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கமலையின் சாலுக்குத் தோல் வால் தைத்தவர். கிணறுகளில் மோட்டார் வந்ததும் அந்த வேலை நின்றுபோனது. அப்பா பேருந்து நிலையம் பக்கம் உட்கார்ந்து செருப்பு தைத்தார். குத்தூசி, மெழுகு தேய்த்த நூல், இரும்புக் கால், இவ்வளவுதான் அவர் கடை. மிஷின் தையல் கேட்டு யாராவது ஷூவோ பையோ கொண்டுவந்தால், மிஷின் இருக்கும் அந்தக் கடைக்கு எடுத்துப்போய்க் கூலி கொடுத்துத் தைத்து வாங்கி வருவார். வாடிக்கைக்காரர் கொடுப்பதில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். சொந்தமாக ஒரு மிஷின் வாங்க வேண்டும் என்று அவர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். வாங்க முடியவில்லை. தோல் வேலையை அருந்ததியர் தலையில் கட்டிவைத்து, கட்டியவர்களே அதை இழிவு என்றும் சொன்ன சமூகம் இது. அந்த வேலைக்கு உள்ளே இருக்கும் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேச யாருக்கும் தோன்றவில்லை. நான் பேச விரும்புவது அதைப் பற்றித்தான்.

கடையை மூடி, இடத்தை வாடகைக்கு விட்டபோது, பின்கட்டில் இருந்ததையெல்லாம் பழைய இரும்புக்குப் போடப் போகிறார்கள் என்று சித்தப்பாதான் தகவல் சொன்னார். அவர் அந்தக் கடையில் பல வருஷம் இதே மிஷினை மிதித்தவர். எடைக்கு என்ன விலையோ அதோடு கொஞ்சம் சேர்த்துக் கொடுத்து நான் வாங்கிக்கொண்டேன்.

பார்ப்பதற்குப் பயங்கரமாகத்தான் இருந்தது. கால் ஸ்டாண்டு முழுக்கத் துரு. பெரிய சக்கரம் அசையவில்லை. மிதிப்பலகையின் மேல் எலி கூடு கட்டியிருந்தது. மேல் தலையில் கறுப்பு வண்ணம் பாதிக்கு மேல் போயிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, இது தேறாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். துருவைப் பார்த்தால் எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

துரு பெரிய விஷயமே இல்லை. வார்ப்பிரும்பில் மேலாகப் படியும் துரு உள்ளே போய்த் தின்ன நெடுங்காலம் ஆகும். கம்பி பிரஷ், நீர்ப்பேப்பர், பொறுமை, இவை போதும். சக்கரம் அசையாததற்கும் துரு காரணம் இல்லை, எண்ணெய்தான் காரணம். மிஷின் எண்ணெய் கைவசம் இல்லாதபோது நம் ஊரில் நல்லெண்ணெய் விடுகிற பழக்கம் உண்டு. விட்ட அன்றைக்கு நன்றாக வழுக்கும். காற்றுப் பட்டுப் பட்டு அது மெல்ல இறுகி, தோல் தூசியும் மெழுகும் சேர்ந்து, மரப்பிசின் மாதிரி ஆகிவிடும். அப்படி இறுகிய மிஷினைச் சுத்தியலால் தட்டுவதோ, சக்கரத்தைப் பிடித்துத் தொங்குவதோ கூடாது. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். மண்ணெண்ணெய் கிடைத்தால் நல்லது. இப்போது அது கிடைப்பதே பாடு என்பதால் நான் டீசல் விட்டேன். எல்லா எண்ணெய்த் துளைகளிலும் விட்டு, மிஷினை மாடியில் மதிய வெயிலில் வைத்துவிடுவேன். திண்டுக்கல் வெயிலில் இரும்பு தொட முடியாத சூடாகிவிடும். அந்தச் சூட்டில் பிசின் இளகி வழியும். துடைத்துவிட்டு மறுபடி விட வேண்டும். ஒருநாள் சக்கரம் கால் சுற்று நகர்ந்தது. அப்புறம் அரைச் சுற்று. பிறகு முழுசாகச் சுற்றியது. அதற்குப் பின்தான் மிஷின் எண்ணெய்.

தலையில் மிச்சமிருக்கும் தங்க நிறப் பூவேலையைக் காப்பாற்ற நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்பிரிட், தின்னர் எதுவும் அதன் மேல் படக்கூடாது. மேலே பூசியிருப்பது அரக்கு வார்னிஷ். ஸ்பிரிட் பட்டால் வார்னிஷோடு பூவும் துணியில் வந்துவிடும். மிஷின் எண்ணெய் தொட்ட பழைய பனியன் துணி போதும்.

சரி, சுற்றுகிறது. ஊசி மேலும் கீழும் போகிறது. பாதம் துள்ளுகிறது. இந்த இடத்தில்தான் பலரும் வேலை முடிந்தது என்று நினைத்து நூலைக் கோத்துவிடுவார்கள். சித்தப்பா கோக்க விடவில்லை.

"அவசரப்படாத தம்பி, முதல்ல ஷட்டிலப் பாரு" என்றார். அடிநூல் சுற்றிய பாபினைத் தாங்கிக்கொண்டு இரும்புக் கையின் நுனிக்குள் அசையும் உறுப்புதான் ஷட்டில். அந்த நுனியில் இருக்கும் தகட்டைக் கழற்றச் சொன்னார். பெரிய சக்கரத்தை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஆள்காட்டி விரலை ஷட்டில் மேல் வைத்து இடமும் வலமுமாக அசைத்தார். சக்கரம் அசையாமல் இருக்கும்போதே ஷட்டில் லேசாக ஆடியது. "பல்லு போயிடுச்சு" என்றார். நான் அளவுமானி எடுத்து வருவதற்குள் அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

அந்த நீண்ட கைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பின்னால் சக்கரத்தின் அசைவு ஒரு கம்பியை முன்னும் பின்னும் இழுக்கிறது. அந்தக் கம்பியின் நுனியில் நேர்கோட்டில் பற்கள் இருக்கும், அதை ராக் என்போம். ராக் ஒரு சின்னப் பல்சக்கரத்தோடு கடித்துக்கொண்டிருக்கிறது, அது பினியன். ராக் முன்னே போனால் பினியன் ஒரு பக்கம் திரும்பும், பின்னே வந்தால் மறுபக்கம் திரும்பும். பினியனின் மேல் ஷட்டில். அதனால் ஷட்டில் முழுச் சுற்றுச் சுற்றாது, போய்ப் போய்த் திரும்பி வரும். இந்தப் போக்குவரத்தில் அதே சில பற்கள்தான் திரும்பத் திரும்ப உரசுகின்றன. நடுவில் இருக்கும் பற்கள் தேய்ந்துவிடும், ஓரத்துப் பற்கள் புதுசாக இருக்கும். வெளியே ஒரு பொட்டுத் துரு இல்லாத மிஷினிலும் உள்ளே இப்படி ஆகியிருக்கலாம்.

அந்தச் சின்ன ஆட்டம் ஏன் முக்கியம் என்பதற்கு, தையல் எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டும். ஊசியின் ஒரு பக்கம் நீளமான பள்ளம் ஓடும், நூல் அதில் ஒளிந்துகொண்டு தோலுக்குள் இறங்கும். மறுபக்கம் பள்ளம் இல்லை, அங்கே நூலைத் தோல் கவ்விப் பிடிக்கும். ஊசி அடிவரை போய்ச் சற்றே மேலே ஏறத் தொடங்கும்போது, பிடிபட்ட நூல் மேலே வர முடியாமல் புடைத்து ஒரு சிறு கண்ணியாகும். ஓரிரண்டு மில்லிமீட்டர் ஏற்றம்தான். சரியாக அந்த நேரத்தில் ஷட்டிலின் கூர்முனை வந்து கண்ணிக்குள் நுழைய வேண்டும். பல் தேய்ந்திருந்தால் கூர்முனை தாமதமாக வரும். கண்ணி அதற்குள் சாய்ந்துவிடும், தையல் விழாது. மெல்லிய தோலில் நன்றாகத் தைத்துக்கொண்டே வந்து, தடிப்பான இடம் வந்ததும் விட்டுவிட்டுத் தைக்கும் மிஷின்களுக்குப் பெரும்பாலும் இதுதான் நோய். ஊசியை மாற்றுவார்கள், நூலை மாற்றுவார்கள், கடைசியில் மிஷினையே விற்றுவிடுவார்கள்.

பினியனை மட்டும் மாற்றலாமா என்று கேட்டேன். ராக்கையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று சித்தப்பா சொன்னார். பட்டறையில் எங்களுக்கும் அதுதான் பாடம்: தேய்ந்த பல்லோடு புதுப் பல் சேர்ந்தால் புதுசும் சீக்கிரம் பழசாகிவிடும். சென்னைக்கு வேறு வேலையாகப் போனபோது பெரியமேட்டில் இரண்டையும் வாங்கினேன். தோல், சோல், பசை, பக்கிள் கடைகளுக்கு நடுவே மிஷின் பாகம் விற்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய வடிவமைப்புக்கு இன்றும் பாகம் செய்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. புதுப் பாகத்தில் பிசிறு இருந்தது, நைஸ் அரத்தால் தட்டிவிட்டு மாட்டினேன். மாட்டும்போது பினியனை ஒரு பல் தள்ளி வைத்தாலும் ஷட்டிலின் நேரம் கெட்டுவிடும். அதனால் பழையதைக் கழற்றுவதற்கு முன்பே மார்க்கரால் அடையாளம் போட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது தையலின் நீளம். அளவைக் கடைசி வரை திருகி வைத்தாலும் தையல் நெருக்கமாகவே விழுந்தது. பாதத்தை இழுக்கும் நெம்புகோலைத் தாங்கும் இரும்புப் பின்னும் (முளை), அது உட்காரும் துளையும் தேய்ந்திருந்தன. சக்கரம் கொடுக்கும் அசைவில் பாதிக்குப் பாதி அந்த இடைவெளியை நிரப்புவதற்கே செலவாகிவிடும், மிச்சம்தான் பாதத்துக்குப் போகும். இது எனக்குத் தெரிந்த வேலை. துளையை ரீமர் விட்டு வட்டமாக்கி, அதற்கு ஏற்றபடி சற்றுப் பருமனான பின் ஒன்றை லேத்தில் கடைந்து போட்டேன். தையல் நீண்டது. முழுசாக இல்லை, மேலே இன்னும் இரண்டு இடத்தில் ஆட்டம் இருக்கிறது. அவற்றைத் தொடவில்லை. எல்லா இடைவெளியையும் இறுக்கினால் மிஷின் கனமாகிவிடும், கால் வலிக்கும். எந்த ஆட்டத்தை எடுப்பது, எதை விடுவது என்பதில் சித்தப்பாவுக்கும் எனக்கும் நிறைய வாக்குவாதம். டர்னருக்கு ஆட்டம் என்றாலே ஆகாது. மிதித்தவருக்கு, கால் நோகாமல் ஒரு நாள் முழுக்க ஓட வேண்டும் என்பதே பெரிது. மிதித்தவர் சொன்னபடியே விட்டேன்.

நூல் கோப்பது இந்த மிஷினில் தனிக் கலை. நூல் ஊசித்தண்டுக்கு உள்ளேயே இறங்கும். மேலிருந்து ஒரு மெல்லிய கம்பியை விட்டு, நுனிக் கொக்கியில் நூலை மாட்டி இழுக்க வேண்டும். மிஷினோடு வந்த கம்பி எந்தப் பழைய மிஷினிலும் இருக்காது. சைக்கிள் பிரேக் கேபிளைப் பிரித்து அதில் ஓர் இழையை எடுத்து, நுனியைக் குறடால் மடக்கிக்கொண்டால் அருமையாக வேலை செய்யும். இதுவும் சித்தப்பா சொன்னதுதான்.

ஊசி வாங்கும்போது கவனம் தேவை. சாதாரணத் தையல் மிஷின் ஊசி இதற்குப் பொருந்தாது. தோலுக்கு 29x3, துணிக்கும் கான்வாஸுக்கும் 29x4. தோல் ஊசியின் முனை கத்தி மாதிரி, தோலைக் கீறிக்கொண்டு இறங்கும். துணி ஊசியின் முனை உருண்டை, இழைகளை விலக்கிக்கொண்டு போகும். ரெக்சின் பைக்குத் தோல் ஊசி போட்டால், தையல் வரிசையே கிழிசல் வரிசையாகிவிடும். தபால் தலையைக் கிழிப்பதற்கு ஓட்டை போட்டுவைப்பார்களே, அதே கதி. நூலைப் பொறுத்தவரை, டிக்கெட் 40 (நூலின் பருமனைக் குறிக்கும் எண்) நைலான் நூலும் 18ஆம் நம்பர் ஊசியும் என் மிஷினுக்கு ஒத்துப்போகின்றன. பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும் என்று தடித்த நூல் போட ஆசை வரும். போடக் கூடாது. இதன் பாபின் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. தடித்த நூல் அதில் சுற்றிச் சில அடி தைப்பதற்குள் தீர்ந்துவிடும், கண்ணியும் ஷட்டிலைத் தாண்டி வராது. முன்கூட்டியே நாலைந்து பாபின் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

கால் ஸ்டாண்டைப் பற்றி. தெருவில் உட்கார்ந்து தைப்பவர்கள் பலரும் தலையை மட்டும் ஒரு பலகையில் மாட்டி, சக்கரத்தைக் கையால் சுற்றுவார்கள். ஸ்டாண்டுக்கு இடமும் இல்லை, இரவில் அதை வைத்துப் பூட்ட வசதியும் இல்லை. ஆனால் கையால் சுற்றினால் ஷூவைப் பிடிக்க ஒரு கைதான் மிஞ்சும். கால் மிதிக்கும்போது இரண்டு கையும் வேலையில் இருக்கும். ஒரு கை ஷூவைப் பிடிக்கும், மறு கை பாதத்தின் வளையத்தைத் திருப்பும். மோட்டார் போடலாமே என்று கேட்கிறார்கள். இந்த மிஷினுக்கு மோட்டாரின் வேகம் தேவையே இல்லை. ஒரு தையல் போட்டு, நிறுத்தி, பார்த்து, அடுத்த தையல். அந்த நிறுத்தம் கணுக்காலுக்குத்தான் வரும். தோல் பெல்ட்டை அளந்து வெட்டி, இரும்புக் கொக்கியால் இணைத்தேன். நழுவாமல் இருந்தால் போதும், இறுக்கமாக இருக்கக் கூடாது.

1924ல் டெல்லியில் ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர் காந்தியிடம், நீங்கள் எல்லா இயந்திரங்களுக்கும் எதிரியா என்று கேட்டார். காந்தி விதிவிலக்காக எடுத்துக்காட்டியது சிங்கர் தையல் மிஷினை. உலகில் கண்டுபிடிக்கப்பட்ட பயனுள்ள பொருள்கள் சிலவற்றில் அதுவும் ஒன்று என்றார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்த அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்றும் சொன்னார். அந்த அன்புக் கதைக்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை. ஐசக் சிங்கர் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த மிஷினைத் திருத்தி 1851ல் காப்புரிமை வாங்கியவர். ஆனால் காந்தி சொல்ல வந்தது அதுவல்ல. இயந்திரம் மனிதனின் உறுப்பைச் செயலிழக்கச் செய்யாமல், அவனுக்குக் கைகொடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். உடனே ராமச்சந்திரன், அப்படியானால் அந்த மிஷினைச் செய்ய ஒரு தொழிற்சாலை வேண்டுமே என்று மடக்கினார். வேண்டும், ஆனால் அது அரசின் கையில் இருக்க வேண்டும் என்றார் காந்தி. இந்த ராமச்சந்திரன்தான் பின்னாளில் டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து எங்கள் சின்னாளபட்டிப் பக்கம் 1947ல் காந்திகிராமத்தைத் தொடங்கினார். பேருந்தில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேள்வி நினைவுக்கு வரும். காந்தியின் பதிலோடு எனக்கு இன்னொன்றும் சேர்க்கத் தோன்றும். மிஷின் யாருடையது என்பதும் கேள்விதான். என் அப்பாவும் இதே மிஷினின் தையலில்தான் பிழைத்தார். அது அவருடையதாக இல்லாததால், கூலி போக மிச்சம்தான் அவருக்கு வந்தது.

இப்போது மிஷின் வீட்டு முன்திண்ணையில் நிற்கிறது. மாலையில் சித்தப்பா வந்து உட்காருகிறார். பள்ளிக்கூடப் பையின் பிய்ந்த வார், ஜிப், ஷூவின் பக்கவாட்டு, போலீஸ்காரர் ஒருவரின் தோல் உறை என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. பட்டை போட்டுப் பதனிட்ட தோல் வந்தால் அவர் முகமே மாறும். ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிய தோல் விறைப்பாக இருக்கும், ஊசி இறங்கும் சத்தமே வேறு. குரோம் உப்பில் பதனிட்ட தோல் மெத்தென்று இழுபடும், அதற்குப் பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் இதில் தைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இது ரிப்பேர் மிஷின். தடித்த பெல்ட், குதிரைச் சேணம் போன்ற வேலைக்கு வேறு மிஷின் இருக்கிறது. பாதத்தின் பல் தடம் தோலின் மேல் விழும், அதனால் புதுசாகச் செய்யும் அழகான பர்ஸுக்கும் இது ஒத்துவராது. நேர்த்தட்டில் நீளமாகத் தைக்க வேண்டிய இடத்தில் கோடு கொஞ்சம் அலையும். ஆனால் வேறு எந்த மிஷினும் நுழைய முடியாத இடத்துக்குள் இது நுழையும்.

உங்கள் ஊரில் எங்கேயாவது ஒன்று மூலையில் கிடந்தால், துருவைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். முதலில் தலையின் இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். விரிசல் இருந்தால் விட்டுவிடலாம். பாதத்தின் வளையம் முழுசாகச் சுற்றுகிறதா, ஷட்டில் உள்ளே இருக்கிறதா, ஒரு பாபினாவது இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஷட்டிலை விரலால் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் அதிகமாக இருந்தால் ராக், பினியன் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள். முடிந்தால், அதை ஓட்டிய ஆள் யார் என்று விசாரித்து, அவரையும் கூடவே அழைத்துப் போங்கள்.